வெந்த புண்ணும் தாமிரபரணித் தண்ணீரும்

"தீப்பட்ட இடத்துல தண்ணி ஊத்தாத, கொப்பளிச்சிரும்!" நம்ம திருநெல்வேலிப் பக்கம் இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும்வரை சுமார் 125 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு நமக்கு உண்டு. காரும் பிசானமும் விளைந்த மண் இது. வீட்டு வாசலில் வாய்க்கால், தெருக் கோடியில் படித்துறை. அப்படிப்பட்ட ஊரில், கை வெந்துபோனால் மட்டும் தண்ணீரைக் கண்டு பயந்தோம். தோசை மாவைப் பூசினோம், பேனா மையைக் கொட்டினோம், பிறகு பற்பசைக்கு வந்தோம்.

அரசு ஆஸ்பத்திரிகளில் 33 வருடம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அவசரச் சிகிச்சைப் பிரிவில் கழிந்த வருடங்களே அதிகம். தீக்காய நோயாளிகளைக் கவனிக்கும் வேலையில் பாதி, தண்ணீரைச் சரியான இடத்தில், சரியான நேரத்தில், சரியான அளவில் சேர்க்கும் வேலைதான். மனிதர்கள் அதைக் கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பூசிய காலம்

நம் பாட்டிமாரைக் குறை சொல்வதற்கில்லை. தண்ணீர் ஆகாது என்ற எண்ணம் மிகப் பழையது. சுசுருத சம்ஹிதை தீப்புண்ணை நான்கு வகையாகப் பிரிக்கிறது. ஆழத்தைப் பார்த்துப் புண்ணைத் தரம் பிரிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே நம் நாட்டில் இருந்தது பெரிய விஷயம். ஆனால் அதே நூல், லேசாகப் பொசுங்கிய இடத்துக்குக் குளிர்ந்த நீர் ஆகாது, ரத்தம் உறைந்துவிடும், வெதுவெதுப்பே நல்லது என்கிறது.

வெள்ளைக்காரர்களும் இதில் தெளிவாக இல்லை. 1797-ல் எட்வர்ட் கென்டிஷ் என்ற ஆங்கில மருத்துவர், நிலக்கரிச் சுரங்கத்தில் வெந்த தொழிலாளிகளுக்குச் சூடான டர்பன்டைன் போட வேண்டும் என்று புத்தகம் எழுதினார். இரண்டே வருடத்தில், 1799-ல், ஜேம்ஸ் ஏர்ல் என்பவர் குளிர்ச்சிதான் வேண்டும் என்று இன்னொரு புத்தகம் எழுதினார். இந்தச் சண்டை நூறு வருடத்துக்கு மேல் தீரவில்லை.

1925-ல் அமெரிக்காவில் டேவிட்சன் என்ற மருத்துவர் டானிக் அமிலத்தைக் கொண்டுவந்தார். தோல் பதனிடுகிறார்களே, அதே துவர்ப்புச் சரக்குதான். அதைத் தெளித்தால் புண்ணின் மேல் தோல் மாதிரி ஒரு பொருக்கு கட்டும். உலகம் முழுக்கப் பதினைந்து வருடத்துக்கு மேல் அதைப் பயன்படுத்தினார்கள். பிறகுதான் அது ஈரலைக் கெடுக்கிறது என்று தெரிந்து கைவிட்டார்கள். 1930-களில் ஜென்ஷன் வயலட் என்ற ஊதா மருந்தும் தீப்புண்ணுக்குப் போடப்பட்டது. ஆஸ்பத்திரியில் அந்த ஊதாவைப் பார்த்தவர்கள்தான் வீட்டில் பேனா மையைத் தேடியிருப்பார்கள் என்பது என் சொந்த ஊகம்.

மேலே ஊற்றும் தண்ணீர்

1959-ல் ஐஸ்லாந்து நாட்டின் ஓஃபெய்க்சன் என்ற மருத்துவர், வெந்த உடனே குளிர்ந்த நீரில் வைத்தால் என்ன ஆகிறது என்று சோதித்து எழுதினார். வலி குறைகிறது, புண்ணின் ஆழமும் குறைகிறது என்று காட்டினார். அதன் பிறகுதான் குளிர்ந்த நீர் முதலுதவிப் பாடத்தில் உறுதியாக இடம் பிடித்தது.

காரணம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் சோற்றுப் பானை தன் சூட்டிலேயே கொஞ்ச நேரம் வேகும் அல்லவா? தோலும் அப்படித்தான். தீயை அணைத்த பிறகும் உள்ளே வெந்துகொண்டே இருக்கும். ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் வைத்தால் அந்த வேக்காடு நிற்கும். கொப்புளம் வருவது தண்ணீரால் அல்ல, தோல் வெந்த ஆழத்தால். தண்ணீர் ஊற்றாவிட்டாலும் அது வரத்தான் செய்யும். ஐஸ் கட்டி மட்டும் வைக்கக் கூடாது. அது ரத்த ஓட்டத்தைச் சுருக்கிப் புண்ணை மோசமாக்கும்.

மாவும் மையும் பூசி வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் செய்ய வேண்டியது அதையெல்லாம் கழுவி எடுப்பது. பச்சைப் புண்ணில் காய்ந்து ஒட்டிய மாவைச் சுரண்டும்போது ஒரு பிள்ளை போடும் சத்தத்தைக் கேட்டவர்கள் பிறகு ஜென்மத்துக்கும் மாவைத் தொட மாட்டார்கள்.

நரம்பில் ஏற்றும் தண்ணீர்

பெரிய தீக்காயத்தில் ஆளைக் கொல்வது எது என்பது வெகுகாலம் புரியவில்லை. வெந்த தோலிலிருந்து விஷம் ஏறுகிறது என்றுதான் நினைத்தார்கள். 1921-ல் அமெரிக்காவின் நியூஹேவன் நகரில் ரியால்டோ என்ற தியேட்டர் தீப்பிடித்தது. அங்கே வெந்தவர்களின் கொப்புள நீரை ஃபிராங்க் அண்டர்ஹில் என்ற ஆராய்ச்சியாளர் எடுத்துச் சோதித்தார். அது ஏறக்குறைய ரத்தத்தின் நீர்ப்பகுதியேதான் என்று கண்டார். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் ஒழுகிப்போவதால்தான் உடம்பு சரிகிறது என்பது அப்போது தெளிவானது.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை வாய்க்கால் கணக்கில் சொன்னால் உடனே புரியும். கன்னடியன் கால்வாயில் சேரன்மகாதேவிப் பக்கம் உடைப்பு எடுத்துவிட்டது என்று வையுங்கள். அங்குள்ள வயல்கள் மூழ்கிக் கிடக்கும், கடைமடை காய்ந்து கிடக்கும். தீக்காயத்தில் முகமும் கையும் வீங்குவது அந்த மூழ்கிய வயல். சிறுநீரகம் கடைமடை. உடைப்பு தானாக அடைபட ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதுவரை மேலே தலையணையிலிருந்து தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தத் தண்ணீருக்கும் ஒரு கதை உண்டு. 1832-ல் காலரா பரவியபோது ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற டாக்டர் உப்புத் தண்ணீரை முதன்முதலாக மனிதருக்கு நரம்பு வழியாக ஏற்றினார். (நரம்பு என்று நாம் சொல்வது ரத்தக் குழாயைத்தான்.) ஐம்பது வருடம் கழித்து லண்டனில் சிட்னி ரிங்கர் என்பவர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாக அவருடைய உதவியாளர் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தியிருந்தார். நல்ல நீரில் கரைசல் செய்தபோது துடிப்பு நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்துதான் இதயத்தை ஓட்டியது என்று அப்படித்தான் தெரிய வந்தது. அந்தக் கரைசலோடு ஹார்ட்மன் என்ற குழந்தை மருத்துவர் 1930-களில் லாக்டேட் சேர்த்தார். ஆஸ்பத்திரியில் "ஆர்.எல்." என்று நாங்கள் கூப்பிடும் ரிங்கர் லாக்டேட் பாட்டில் இப்படிப் பிறந்தது.

1942 நவம்பர் 28-ஆம் தேதி பாஸ்டனில் கோகனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி எரிந்தது. 492 பேர் இறந்தார்கள். பிழைத்து வந்தவர்களுக்கு நரம்பு வழியாக நீர்மம் ஏற்றியதும், டானிக் அமிலத்தை விட்டுவிட்டு வாஸ்லின் தடவிய மெல்லிய துணியால் மூடியதும் பிறகு எல்லா நாட்டுப் பாடப் புத்தகங்களுக்கும் போயின. அந்தச் சாவுகளிலிருந்துதான் நாங்கள் படித்தோம்.

எவ்வளவு ஏற்றுவது? அதற்கு எவ்வளவு வெந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். 1951-ல் எடின்பரோவின் அலெக்சாண்டர் வாலஸ் ஒன்பதுகளின் கணக்கை வெளியிட்டார். தலை 9, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, முன்னுடம்பு 18, பின்னுடம்பு 18, மறைவிடம் 1. கூட்டினால் 100. நம் கிராமத்துப் பெரியவர்கள்கூட ஆஸ்பத்திரி வராந்தாவில் "எத்தனை சதவீதம்?" என்று கேட்பது இந்தக் கணக்கைத்தான்.

1968-ல் டல்லஸ் நகரத்தின் பார்க்லேண்ட் ஆஸ்பத்திரியில் சார்லஸ் பாக்ஸ்டர் ஒரு சூத்திரம் தந்தார். 1963-ல் சுடப்பட்ட கென்னடியைக் கொண்டுபோன ஆஸ்பத்திரி அதுதான். அன்று அவரைக் கவனித்த டாக்டர்களில் பாக்ஸ்டரும் ஒருவர். சூத்திரம் இதுதான்: உடல் எடை, வெந்த சதவீதம், 4 மில்லி, மூன்றையும் பெருக்க வேண்டும். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு 40 சதவீதம் என்றால் 8,000 மில்லி. அரை லிட்டர் பாட்டில் என்றால் 16. அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் போயாக வேண்டும்.

கணக்குப் போடுவது டாக்டர். அதை நடத்துவது நர்ஸ். வெந்துபோன கையில் ஊசி போகும் ஒரு குழாயைத் தேடுவது, மணிக்கு மணி சொட்டை எண்ணிச் சரிசெய்வது, சிறுநீர் எவ்வளவு இறங்கியது என்று அளந்து எழுதுவது. பெரியவர்களுக்கு மணிக்கு 30 முதல் 50 மில்லி வந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகிறது என்று அர்த்தம். குறைந்தால் வேகத்தைக் கூட்ட வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோக்கும்.

அந்த 8 மணி நேரம் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் பெரிய சங்கடம். ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல, தீப்பிடித்த நேரத்திலிருந்து. அம்பாசமுத்திரம் பக்கத்து ஊரில் வெந்து, அங்கே ஒரு வைத்தியரிடம் காட்டி, வண்டி பிடித்து, 35 கிலோமீட்டர் கடந்து வருவதற்குள் பாதி நேரம் போயிருக்கும். "எத்தனை மணிக்குப் பிடிச்சிது?" என்று கேட்டால் கூட வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம். "இப்பதாம் சிஸ்டர், ஒரு மணி நேரம் இருக்கும்" என்பார்கள். அந்த ஒரு பொய்யால் சொட்டுக் கணக்கு முழுதும் தப்பாகும். அதனால் நாங்கள் கேள்வியை மாற்றிக்கொண்டோம். "சோறு பொங்கும்போதா, பொங்கின பொறவா? பிள்ளைக பள்ளிக்கூடம் போயாச்சா?" இப்படிக் கேட்டால் உண்மை நேரம் வந்துவிடும்.

வாயில் கொடுக்காத தண்ணீர்

பெரிய தீக்காயம் பட்டவர்களுக்குத் தாகம் பயங்கரமாக இருக்கும். உடம்பின் நீரெல்லாம் ஒழுகிக்கொண்டிருக்கிறதே. "தாயி, ஒரு மடக்குத் தண்ணி குடுங்க" என்று கெஞ்சுவார்கள். ஆனால் அந்த நிலையில் குடல் வேலை செய்வது குறைந்திருக்கும். குடித்தால் வாந்தி வரும், அது மூச்சுக் குழாயில் போகும். வெறும் தண்ணீரை நிறையக் குடித்தால் ரத்தத்தில் உப்பும் குறைந்துபோகும். காயம் குறைவாக இருப்பவர்களுக்கு வாய் வழியாகவே கொடுக்கலாம். பெரிய காயத்துக்கு டாக்டர் சொல்லும்வரை பஞ்சை நனைத்து உதட்டில் தொட்டு வைப்பதுதான் முடியும்.

நம் வழக்கத்தில் போகிற உயிருக்கு ஒரு வாய்த் தண்ணீர் விடாமல் அனுப்புவது பெரும் பாவம். வராந்தாவில் நிற்கும் தாய் "தண்ணி குடுக்காமயே எம் பிள்ளையக் கொன்னுட்டாளுக" என்று மண்ணை வாரித் தூற்றுவாள். அவளிடம் அந்த நேரம் பார்க்லேண்ட் சூத்திரத்தைச் சொல்ல முடியாது. நான் பழகிய மூத்த நர்ஸ் ஒருவர், ஓடுகிற பாட்டிலைத் தாய்க்குக் காட்டி, "இந்தா பாருங்கம்மா, தண்ணி கை வழியாப் போவுது, உங்க பிள்ளைக்குத்தான் போவுது" என்று சொட்டு விழுவதைப் பார்க்க வைப்பார். படித்த பாடத்தை விட அதில் எனக்கு அதிகம் தெரிந்தது.

இன்னொன்று தாலி. கழுத்து வீங்கும், விரல் வீங்கும். சங்கிலி, மோதிரம், வளையல், மெட்டி எல்லாவற்றையும் வீக்கம் வருமுன் கழற்றியாக வேண்டும். இல்லையென்றால் ரத்த ஓட்டம் தடைபடும். மாமியாரும் தாயும் எதிரெதிரே நிற்க, ஒரு பெண்ணின் தாலியை வெட்டி எடுப்பது லேசான காரியம் இல்லை. நகையை எடை போட்டதுபோல் ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். யாரிடம் கொடுப்பது என்பதில் அங்கேயே சண்டை நடக்கும்.

கழுவும் தண்ணீரும் வாழை இலையும்

இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் கிழக்கு கிரின்ஸ்டெட் ஊரில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற மருத்துவர், வெந்த விமானிகளைக் கவனித்தார். கடலில் விழுந்தவர்களின் புண், தரையில் விழுந்தவர்களின் புண்ணைவிட நன்றாக ஆறுவதைக் கண்டார். உடனே உப்புத் தண்ணீர்த் தொட்டிக் குளியலை ஏற்பாடு செய்தார். முகம் சிதைந்த இளைஞர்கள் கூச்சமில்லாமல் கடைத்தெருவில் நடமாட ஊர்க்காரர்களையும் பழக்கினார். அந்த ஊருக்கு "உற்றுப் பார்க்காத ஊர்" என்றே பேர் வந்தது. நம்ம ஊரில் இன்னும் வர வேண்டிய பேர் அது.

இந்தியாவுக்கு ஏற்ற வழியைப் பம்பாய் டாக்டர்கள் தேடினார்கள். கேஸ்வானி என்ற மருத்துவர் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டாகப் போட்டு 1985-ல் கட்டுரை வெளியிட்டார். 2003-ல் கோரே, அகோலேகர் ஆகிய இருவர் வாழை இலைக் கட்டைப் பற்றி எழுதினார்கள். விலை மலிவு, புண்ணில் ஒட்டாது, எடுக்கும்போது வலிக்காது. கிருமி நீக்கிய இலையாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். தீப்புண்காரரை வாழை இலையில் படுக்கவைக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. கொசுவலைக்குள் இலை விரித்துப் படுத்திருந்தவர்களை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். ஆற்றுப் பாசனத்தில் வாழை விளைகிற நமக்கு அது கைக்கெட்டும் மருந்து.

ஸ்டவ் வெடித்த காலம்

1970, 80-களில் வந்த தீக்காயங்களில் பெண்கள்தான் கண்ணில் அதிகம் பட்டார்கள். பம்ப் ஸ்டவ், சீமெண்ணெய், நைலக்ஸ் சேலை, மூன்றும் ஒரே அறையில். நைலான் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உண்மையிலேயே ஸ்டவ் வெடித்தவையும் உண்டு. வெடிக்காத ஸ்டவ்வும் உண்டு.

1983-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவு வந்தது. 1986-ல் வரதட்சணைச் சாவுக்கென்று 304-பி வந்தது. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் நேரும் சாவைப் பற்றிய அந்தப் பிரிவில் தீக்காயம் என்ற சொல்லே முதலில் நின்றது. அந்த அளவுக்கு நாடு பார்த்திருக்கிறது. 2024 வரை நடப்பில் இருந்த 1872-ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தின் 32-வது பிரிவுப்படி சாகப்போகிறவர் சொல்வது சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. மாஜிஸ்திரேட் வருவார். நினைவோடு இருக்கிறாரா என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். சொந்தக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு எழுதுவார்கள்.

பெரும்பாலும் அந்தப் பெண் "ஸ்டவ் வெடிச்சிட்டு" என்றுதான் சொல்வாள். பிள்ளைகள் அந்த வீட்டில்தானே வளர வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டு மாற்றும்போது எங்களிடம் சொன்னது வேறாக இருக்கும். டாக்டரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் இன்னொரு தடவை பேசுகிறாயா என்று கேட்டுப் பார்ப்போம். சிலர் சரி என்றார்கள். பலர் தலையை ஆட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

2007 முதல் தமிழக அரசு இலவசமாகக் கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வாலா வந்தது. சீமெண்ணெய் அருகிப்போனது. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. வண்டி பிடிக்கும் நேரம் மிச்சமாயிற்று. சமையலறைத் தீ குறைந்ததில் எங்களைவிட இவற்றுக்குப் பங்கு அதிகம்.

ஆனால் தீ வேறு இடத்தில் பற்றியது. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கும் நாள். கந்துவட்டிக் கொடுமைக்கு மனு மேல் மனு கொடுத்தும் பலன் இல்லை என்று, கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள் என ஒரு குடும்பமே வளாகத்தில் தீயில் எரிந்தது. நான்கு பேரும் பிழைக்கவில்லை. அதிக வட்டியைத் தடுக்கும் சட்டம் 2003-லேயே தமிழ்நாட்டில் வந்துவிட்டது. கலெக்டர் ஆபீஸ் இருப்பது தாமிரபரணிக் கரையில். இன்றைக்கு மனு கொடுக்கப் போகிறவர்களின் பையைப் போலீஸ்காரர்கள் சோதிக்கிறார்கள். தேடுவது சீமெண்ணெய் பாட்டிலை.

அப்போது நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். டி.வி.யில் அதைப் பார்த்தவர்கள் நெருப்பைப் பார்த்தார்கள். எனக்கு அன்று டூட்டியில் இருந்திருக்கும் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். பெரியவர்களுக்குப் போடும் ஒன்பதுகளின் கணக்கு சின்னப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. பிள்ளைக்குத் தலை பெரிது, கால் சிறிது. லண்ட், பிரவுடர் என்ற இருவர் 1944-லேயே அதற்குத் தனிப் படம் போட்டு வைத்தார்கள். ஒரே நேரத்தில் ஒரு குடும்பம் வந்து இறங்கும்போது அந்தப் படத்தை எடுத்து வைத்து நிதானமாக எண்ணுவதற்கு என்ன மனது வேண்டும் என்று அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

பேரப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதை மட்டும் சொல்லி வையுங்கள். தீயோ கொதிநீரோ பட்டால் முதலில் குழாயடிக்குப் போக வேண்டும், 20 நிமிடம். மோதிரம், வளையலைக் கழற்ற வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. எதையும் பூச வேண்டாம். சுத்தமான பருத்தித் துணியால் மூடி 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் நேரத்தைக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அவர் போலீஸுக்காகக் கேட்கவில்லை, பாட்டில் கணக்குக்காகக் கேட்கிறார்.